வாசகர் கேள்வி–பதில்: கோர்ஃபு நகரில் ஈஸ்டர்

கேள்வி: குன்னூரில் தேவாலயப் பாடகர் குழுவில் இருக்கிறேன். கிரேக்க நாட்டு கோர்ஃபுவில் ஈஸ்டருக்குப் பானை உடைப்பார்களாமே, அதைப் பார்க்க ஆசை. ஊர் ஈஸ்டரை விட்டுப் போக முடியாது. மே மாதம் காட்டேஜில் சீசன் வேலையும் இருக்கும். எப்போது போகலாம்?

பதில்: நம் காலண்டரில் இருக்கும் புனித வெள்ளியைப் பார்த்து டிக்கெட் போட்டுவிடாதீர்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். கிரேக்கர்களின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை ஈஸ்டரைப் பழைய ஜூலியன் காலண்டர்படி கணக்கிடுகிறது. ஈஸ்டர் கணக்குக்கு அடிப்படையான மார்ச் 21, அந்தக் காலண்டரில் வரும்போது நமக்கு ஏப்ரல் 3. அதனால் சில ஆண்டு இரண்டும் ஒரே நாளில் வரும், சில ஆண்டு அவர்களுடையது ஐந்து வாரம்கூடப் பிந்தும். 2028-ல் இரண்டுமே ஏப்ரல் 16. 2027-ல் நமக்கு மார்ச் 28, அங்கே மே 2. உங்களுக்கு ஏற்றது 2027தான். மே முதல் வாரம் மட்டும் காட்டேஜை நம்பிக்கையானவரிடம் விட்டுச் செல்லுங்கள்.

வியாழன் இரவுக்குள் கோர்ஃபு சேர்ந்துவிட வேண்டும். அந்த வாரம் கிரேக்கர்களே ஊர் திரும்புவதால் ஏதென்ஸிலிருந்து போகும் விமானம் சீக்கிரம் நிரம்பிவிடும். இடம் கிடைக்காவிட்டால், கோர்ஃபு தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள இகுமெனிட்சா துறைமுகத்திலிருந்து கப்பலில் ஏறலாம், சுமார் ஒன்றரை மணி நேரம். கிரேக்க நாட்டுக்குத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

பாடுகிறவர் நீங்கள், வெள்ளி இரவைத் தவறவிடாதீர்கள். ஒவ்வொரு தேவாலயத்திலிருந்தும் இயேசுவின் அடக்கப் பவனி பேண்டு இசையோடு புறப்படும். 1840-ல் தொடங்கிய பழைய ஃபில்ஹார்மோனிக், 1890-ல் தொடங்கிய மான்ட்சாரோஸ் என ஊர்க் குழுக்களே வாசிக்கின்றன. கடைசியாக, இரவு பத்து மணிவாக்கில் வரும் பேராலயப் பவனிதான் சிகரம்.

சனிக்கிழமை காலை, தீவின் பாதுகாவலரான புனித ஸ்பிரிடோன் பவனி. 11 மணிக்கு மணியோசை கேட்டதும், தண்ணீர் நிரப்பிய மண்பானைகள் மாடிகளிலிருந்து தெருவில் விழும். லிஸ்டன் கட்டடத்துக்கு எதிரே, ஸ்பியானாதா மைதானப் பக்கம் 9 மணிக்கே இடம் பிடியுங்கள். மாடிக்கு நேர் கீழே நிற்கக் கூடாது. ஓடு சிதறும், செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள். இரவு குளிருக்கு ஊட்டி ஸ்வெட்டரே போதும்.

கேள்வி: கிரேக்க ஈஸ்டர் சிவப்பு முட்டையை ஊட்டி வீட்டில் செய்தால் திட்டுத் திட்டாக வருகிறது, உள்ளேயும் வேகவில்லை. ஏன்?

பதில்: ஊட்டியின் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளிக்கு எழுதிய பத்து நிமிடம் இங்கே போதாது, பதினான்கு நிமிடம் வேண்டும்.

திட்டுக்குக் காரணம் ஓட்டின் மேல் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு, இல்லாவிட்டால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது. வெள்ளை முட்டையை முதலில் வினிகரால் துடையுங்கள். பதினைந்து வெங்காயத்தின் காய்ந்த தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, நன்றாக ஆறவிட்டு இரண்டு மேசைக்கரண்டி வினிகர் ஊற்றுங்கள். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த முட்டையை உடனே போட்டால் விரிசல் விடும். அறை வெப்பத்துக்கு வந்ததும் ஒரே அடுக்காக வைத்து, சிறுதீயில் வேகவிட்டு, அதே சாயத்தில் ஆறவிடுங்கள். கிடைப்பது செம்பழுப்பு நிறம்தான். பளிச்சென்ற சிவப்பு வேண்டுமானால் உணவுக்கான சாயப்பொடி சேர்க்க வேண்டும், கிரேக்க வீடுகளிலும் இன்று பெரும்பாலும் அதுதான். துடைத்து உலர்ந்தபின் துளி எண்ணெய் தடவினால் பளபளக்கும்.