முதியோர் இல்லத்தில் மார்ஃபின் மாத்திரை குறைந்தால் யாரிடம் சொல்வது?

குன்னூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இரவுப் பணி. புற்றுநோயுள்ள பாட்டியின் மார்ஃபினில் 6 மாத்திரை குறைகிறது, சொன்னால் பழி தன்மேல் விழுமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பாட்டியைப் பாருங்கள் தங்கச்சி. 4 மணி நேரத்துக்கு ஒன்று என்றால் 6 மாத்திரை என்பது ஒரு முழு நாளின் வலி நிவாரணம். அடுத்த வேளைக்கு மருந்து இருக்கிறதா என்று பார்த்து, இப்போதே மருத்துவரை அழையுங்கள். வேறு யாராவது தவறுதலாக விழுங்கியிருக்கலாம். எழுப்பினாலும் எழாத தூக்கம், மெதுவான மூச்சு தெரிந்தால் உடனே 108. மலைப்பாதையில் வண்டி வரத் தாமதமாகும், அதனால் அழைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிறகு இன்னொருவரைப் பக்கத்தில் வைத்து எண்ணுங்கள். தேதி, நேரம், இருக்க வேண்டியது, இருப்பது என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பழைய பதிவை அழிக்கவோ திருத்தவோ கூடாது. சந்தேகம் அங்கேதான் பிறக்கும். பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எழுதிக் கொடுத்தவர் என்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

மார்ஃபின் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருவது. ஆகவே மருந்து கொடுத்த வலி நிவாரண மையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். திருட்டு என்று தோன்றினால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஊட்டியில் எஸ்.பி. அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பலாம். நிர்வாகமே மூடி மறைத்தால் மருந்து ஆய்வாளரிடம் போகலாம். முதியோர் உதவி எண் 14567-உம் இருக்கிறது.

பாட்டியின் பிள்ளைகளுக்கும் இன்றே சொல்லிவிடுங்கள்.