குயில்ட் போர்வைக்குத் துவைத்தாலும் அழியாத பெயர் லேபிள் செய்வது எப்படி?

பேத்திக்குத் தைத்த குயில்ட்டில் (மேல்துணி, நடுவில் பஞ்சு, பின்துணி என மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைத்த போர்வை) பெயர் எழுதி வைக்க வழி கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வையுங்கள். பழைய குயில்ட்டுகள் பலவற்றைத் தைத்தவர் யாரென்றே தெரியாமல் போய்விட்டது, எனக்கு அது பெரிய வருத்தம்.

வெளிர் நிறப் பருத்தித் துணியை முதலில் துவைத்துக் கஞ்சியைப் போக்குங்கள். பால்பாயின்ட், ஜெல் பேனா வேண்டாம். துவைப்பில் மங்கும், பரவும். நீரில் கரையாத நிறத்துகள் கொண்ட பிக்மென்ட் மைப் பேனாதான் சரி. பிக்மா மைக்ரான் என்ற பேனா வகையில் 05 எண் முனை எனக்குப் பிடித்தது. எழுதும்போது துணி நழுவும். அடியில் நைசான உப்புத்தாளை வைத்தால் அசையாமல் நிற்கும். மெதுவாக, அழுத்தாமல் எழுதுங்கள். மை காய்ந்ததும் நீராவி இல்லாமல் சூடாக இஸ்திரி போடுங்கள். பேனா வேண்டாமென்றால் இரண்டு இழை எம்பிராய்டரி நூலில் பின்தையல் (ஒவ்வொரு தையலும் பின்னோக்கிச் சென்று முந்தைய தையலைத் தொடுவது) போட்டும் எழுதலாம். நேரம் பிடிக்கும், ஆனால் அழகு தனி.

என்ன எழுதுவது? 'அன்புடன் பாட்டி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஐம்பது வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு எந்தப் பாட்டி என்று தெரியாது. உங்கள் முழுப் பெயர், பேத்தியின் பெயர், ஊர், வருடம், அப்புறம் துவைக்கும் முறை ஒரு வரி.

லேபிளின் ஓரங்களைக் கால் அங்குலம் மடித்து, குயில்ட்டின் பின்புறத்தில் கீழ்மூலையில், நூல் வெளியே தெரியாத மறைதையலால் தையுங்கள். அடுத்த குயில்ட்டுக்கு, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் முன்பே லேபிளைப் பின்துணியில் பொருத்திவிடுங்கள். குயில்ட் தையல் அதன் மேலேயும் ஓடும், யாரும் எளிதில் பிரித்தெடுக்க முடியாது.