மூன்று வாரம் தனித்தனி பிராஞ்ச், கடைசி ராத்திரி ரகளை

கேள்வி: ஆறு பேர் டீம். ஆளுக்கொரு பிராஞ்சில் (கோடின் தனிக் கிளை) மூன்று வாரம் எழுதிவிட்டு, ரிலீஸுக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து மெர்ஜ் செய்கிறோம். விடிய விடிய கான்ஃப்ளிக்ட், அதாவது ஒருவர் மாற்றம் இன்னொருவர் மாற்றத்தோடு மோதுகிறது. எல்லோரும் ஸ்க்ரம் (டீம் வேலையைச் சிறு சிறு கட்டமாகப் பிரித்துச் செய்யும் முறை) சான்றிதழ் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் மேனேஜர். சரியாகுமா?

ஆகாது. கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளான கிட் (Git), மெர்ஜ் செய்யும்போது மூன்றைத்தான் ஒப்பிடுகிறது: பிரிந்தபோது கோப்பு இருந்த நிலை, இப்போது உங்களிடம் உள்ளது, அவரிடம் உள்ளது. ஒரே வரியை இரண்டு பேரும் வேறு வேறு மாதிரி மாற்றியிருந்தால் கையை விரித்துவிடும். அது கத்துகிற கான்ஃப்ளிக்ட்கூடப் பரவாயில்லை. நீங்கள் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றியிருப்பீர்கள், அவர் வேறு கோப்பில் பழைய பெயரைக் கூப்பிட்டிருப்பார், மெர்ஜ் சத்தமில்லாமல் முடிந்துவிடும், ஓட்டும்போதுதான் உடையும்.

தினமும் ஒரு முறையாவது உங்கள் கோடை மெயினில் (எல்லோருக்கும் பொதுவான பிராஞ்ச்) சேர்த்துவிடுங்கள். வேலை முடியவில்லையா, ஃபிளாக் (கோடின் ஒரு பகுதியை ஓடாமல் நிறுத்தும் சுவிட்ச்) போட்டு அணைத்து வையுங்கள். நூறு வரி அனுப்பினால் சக ஊழியர் படிப்பார், இரண்டாயிரம் அனுப்பினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். ஸ்க்ரமின் விதிகளைச் சொல்லும் ஸ்க்ரம் கைடு இணையத்தில் இலவசம். 2020 பதிப்பு பதினைந்து பக்கத்தைத் தாண்டாது, மெர்ஜ் பற்றி ஒரு வரி கிடையாது. அதையே இரண்டு நாள் ஸ்லைடாக ஓட்டி, 'வேலை உறுதி' என்று பணம் கறக்கிற கோச்சிங் ஆட்களிடம் போய் விழாதீர்கள். தினசரிக் கூட்டம் 15 நிமிடம் என்று அந்தக் கைடே சொல்கிறது. நம் ஆபீஸ்களில் அது முக்கால் மணி நேர அட்டெண்டன்ஸ் ஆகிவிட்டது, கேட்டால் 'கிளையண்ட் ப்ராசஸ்' என்பார்கள்!

தினமும் சேர்ப்பதில் டேட்டாபேஸ் மட்டும் விதிவிலக்கு. டேபிளில் ஒரு நெடுவரிசையின் (column) பெயரை மாற்ற வேண்டும் என்று வையுங்கள், அதை ஒரே மெர்ஜில் செய்யக் கூடாது, ஏனென்றால் பழைய கோட் இன்னும் சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் புதிய நெடுவரிசையைச் சேருங்கள், பழையது இருக்கட்டும். அப்புறம் கோட் இரண்டிலும் எழுதட்டும். பழைய தரவை நகலெடுங்கள், எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு வாசிப்பதைப் புதியதுக்கு மாற்றுங்கள், சில நாள் விடுங்கள். பழைய நெடுவரிசையை யாரும் வாசிக்கவில்லை என்று தெரிந்த பிறகே அதில் எழுதுவதை நிறுத்துங்கள், அதற்கும் அப்புறம் அதை நீக்குங்கள். இந்த ஒவ்வொரு படியும் தனி மெர்ஜ், தனி ரிலீஸ். 'ஒரே டிக்கெட்டில் முடித்துவிடு' என்று மேனேஜர் அவசரப்படுத்தினால் இந்தப் பத்தியை அவரிடம் காட்டுங்கள்.