இங்கிலாந்துப் பிரபுக்களின் மாளிகைகள் நூற்றாண்டுக் கணக்கில் ஒரே குடும்பத்திடம் இருப்பது எப்படி? நம் ஊரில் மூன்று தலைமுறைகூடத் தாங்குவதில்லையே?

கேள்வியின் இரண்டாவது வரியைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டிலும் அண்மையில் ஒரு பாகப்பிரிவினை நடந்திருக்கும், அத்தையோ அக்காவோ விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுத்திருப்பார், அந்த எரிச்சலில் கேட்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும், எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

நான் ஷெஃபீல்டில் மருத்துவமனை வேலையில் இருக்கிறேன். வரலாறு படித்தவள் இல்லை, அதனால் பேராசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் ஊரிலிருந்து யார் வந்தாலும் நாங்கள் காரில் ஏற்றிக்கொண்டு போகும் இடம் டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகை. டெவன்ஷயர் டியூக் பட்டம் உள்ள கேவண்டிஷ் குடும்பத்தின் வீடு. அறைக்கு அறை நிற்கும் வழிகாட்டிகளிடம் கேள்வி கேட்டுக் கேட்டே அந்தக் குடும்பத்தின் கதை எனக்கு எங்கள் குடும்பக் கதை மாதிரி ஆகிவிட்டது.

சுருக்கமான பதில் இதுதான்: வீட்டைப் பங்கு போடவே இல்லை. பட்டம், வீடு, நிலம் எல்லாம் மூத்த மகனுக்கு. இளைய மகன்களுக்குப் பணமும், படையிலோ திருச்சபையிலோ நாடாளுமன்றத்திலோ ஓர் இடமும். பெண்களுக்குக் கல்யாணச் சீர், அதோடு சரி. அந்த மூத்த மகனாவது முழு உரிமையாளரா என்றால் அதுவும் இல்லை. 'தன் ஆயுள் பரியந்தம் அனுபவித்து வரலாம், விற்கக் கூடாது' என்று நம் ஊர்ப் பத்திரங்களில் எழுதுவார்களே, அதே ஏற்பாடு. பேரனுக்குப் போக வேண்டிய சொத்து என்று எழுதி வைத்திருப்பார்கள். மகனுக்கு 21 வயது ஆனதும் அப்பா அவனைக் கூப்பிட்டு, கைச்செலவுக்கு வருஷத்துக்கு இவ்வளவு தருகிறேன் என்று சொல்லி, இன்னொரு தலைமுறைக்குத் தள்ளிப் புதுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார். கையில் காசில்லாத 21 வயதுப் பையன் போடாமல் என்ன செய்வான்? இப்படியே தலைமுறை தலைமுறையாகக் கட்டிப்போட்டார்கள்.

இனி என் பெரியப்பா கதைக்கு வருகிறேன். அவர் சின்னமனூரில் வாழை விவசாயி. தாத்தா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு ஊரில் இருந்தது. உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். 1956 வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அத்தைகள் இருவரும் கேட்டார்கள், கொடுக்க ரொக்கம் இல்லை, வீட்டை விற்றார்கள். அன்றிலிருந்து பெரியப்பா கல்யாண வீட்டில்கூட அத்தைகளுக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அவரைக் கோடையில் சாட்ஸ்வொர்த்துக்குக் கூட்டிப்போனோம். தங்க முலாம் பூசிய ஜன்னல் சட்டங்களைப் பார்த்தும் அவர் அசரவில்லை. மேல்மாடி இசை அறையில் ஒரு கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு பாதி திறந்திருக்கும், அதில் வெள்ளிக் கொக்கியில் ஒரு வயலின் தொங்கும். கம்பி, வில், ரிப்பன், சுவரில் விழும் நிழல் எல்லாம் அச்சு அசல். உண்மையில் அது வெறும் ஓவியம். பெரியப்பா நம்பவில்லை. கயிற்றைத் தாண்டித் தொட்டுப் பார்க்கப் போய், வழிகாட்டி அம்மாள் ஓடி வந்துவிட்டார்.

அந்த அம்மாள்தான் குடும்பக் கதையைச் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். ஆரம்பித்து வைத்ததே ஒரு பெண். ஹார்ட்விக் பெஸ் என்று பெயர். எட்டாம் ஹென்றி மன்னர் கிறிஸ்தவ மடங்களைக் கலைத்துச் சொத்துகளைப் பறித்தபோது அந்த வேலையில் அதிகாரியாக இருந்து பணம் சேர்த்தவர் சர் வில்லியம் கேவண்டிஷ். அவரைக் கல்யாணம் செய்துகொண்டு, தன் சொந்த மாவட்டமான டெர்பிஷயருக்கு இழுத்து வந்து, 1549ல் 600 பவுண்டுக்கு இந்த இடத்தை வாங்க வைத்தவர் பெஸ். 1552ல் கட்ட ஆரம்பித்தார்கள். மொத்தம் நாலு கல்யாணம், நாலு முறையும் விதவை, ஒவ்வொரு முறையும் சொத்து ஏறியது. ஸ்காட்லாந்து ராணி மேரியைக் கைதியாகக் காவல் காத்தவர் பெஸ்ஸின் நாலாவது கணவர். மேரியைப் பல தடவை இங்கேதான் தங்க வைத்தார்கள்.

வீடு பெஸ்ஸின் மூத்த மகன் ஹென்றிக்குப் போனது. அம்மாவுக்கும் அவனுக்கும் ஆகாது. அவன் 1609ல் அதைத் தம்பி வில்லியமுக்கே விற்றான். ஆக அண்ணன் தம்பிக்கு விற்றுத்தான் இந்த வீடு இன்றைய கிளைக்கு வந்தது. இதைக் கேட்டதும் பெரியப்பா முகத்தில் முதல் தடவையாக ஒரு சுவாரசியம். பிறகு முதல் டியூக் ஆனவர் 1687ல் தெற்குப் பக்கத்தை மட்டும் மாற்றுகிறேன் என்று இடிக்க ஆரம்பித்து, நாலு பக்கத்தையும் இடித்துக் கட்டி முடித்தபோது 1707. கட்டடம் முடிந்த அதே வருஷம் செத்தும் போனார்.

ஆறாவது டியூக் விஷயத்தில்தான் பெரியப்பா உண்மையில் மயங்கினார். அவர் அம்மா ஜார்ஜியானா, அந்தக் காலத்தில் லண்டனே வாய் பிளந்து பார்த்த அழகி, சூதாட்டக் கடனாளி. கல்யாணம் 1774ல். 1783லும் 1785லும் பெண்கள். 1790ல்தான் பையன். பதினாறு வருஷம் 'ஆண் வாரிசு எங்கே' என்ற கேள்வியிலேயே ஓடியிருக்கிறது. கஷ்டப்பட்டுப் பிறந்த அந்தப் பையன் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை! 1858 ஜனவரியில் அவர் இறந்தபோது அக்காக்கள் இருவரும் உயிரோடு இருந்தார்கள். வீடு அவர்களுக்கு வந்ததா? இல்லை. சித்தப்பாவின் பேரனுக்குப் போனது. அந்தப் பேரன் 1829லேயே மூத்த அக்காவின் மகளைத்தான் கட்டியிருந்தார்.

பெரியப்பா விரல் விட்டு எண்ணினார். "அவன் அப்பனும் இந்தம்மாவும் பெரியப்பா பிள்ள சித்தப்பா பிள்ள. அப்ப இந்தம்மா அவனுக்கு அத்தை. அத்தை மகளக் கட்டியிருக்கான். முறைப்பொண்ணு பாப்பா!" வழிகாட்டி அம்மாளிடம் இதைச் சொல்லச் சொன்னார். எங்கள் ஊர் முறைக்கு இது மிகச் சரியான சம்பந்தம் என்று சொன்னேன். அந்த அம்மாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

தோட்டத்தில் பெரியப்பா வேறு ஆள். 1844ல் கட்டிய பெரிய நீரூற்று ஒன்று இருக்கிறது. ரஷ்யச் சக்கரவர்த்தி வரப்போகிறார் என்று அவசர அவசரமாகக் கட்டினார்கள், அவர் வரவே இல்லை. தண்ணீர் 296 அடி உயரம் வரை போயிருக்கிறதாம். "மோட்டார் எங்க வச்சிருக்கான்?" என்று சுற்றிச் சுற்றித் தேடினார். மோட்டார் கிடையாது. மேலே குன்றில் ஓர் ஏரி வெட்டி, குழாய் வழியாக இறக்கிவிட்ட தண்ணீரின் அழுத்தம் மட்டும்தான். இதைச் செய்தவர் ஜோசப் பாக்ஸ்டன், இருபது சொச்சம் வயதிலேயே தலைமைத் தோட்டக்காரராகச் சேர்ந்தவர். இங்கே கண்ணாடி வீடுகள் கட்டிப் பழகியவர்தான் பின்னால் 1851ல் லண்டனில் கிறிஸ்டல் பேலஸைக் கட்டினார். சாட்ஸ்வொர்த்தின் பெரிய கண்ணாடி வீடு இப்போது இல்லை. முதல் உலகப் போரில் சூடேற்ற நிலக்கரி கிடைக்காமல் செடிகள் செத்து, 1920ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அடிச்சுவர் மட்டும் இருக்கிறது.

அந்த பாக்ஸ்டன் மொரீசியஸ் வழியாக வந்த ஒரு குட்டை வாழையை இங்கே வளர்த்து 1835ல் பூக்க வைத்தார். டியூக்கின் குடும்பப் பெயரையே அதற்கு வைத்தார்கள்: கேவண்டிஷ். உலகச் சந்தையில் விற்கும் வாழைப்பழத்தில் பெரும்பகுதி இந்த இனம்தான். தேனிப் பக்கம் எல்லோரும் போடும் ஜி-9 இதன் வகைதான். இதைச் சொன்னதும் பெரியப்பா பத்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஆரம்பித்தார்: ஒரு நர்சரிக்காரன் திசு வளர்ப்புக் கன்று என்று சொல்லி வேறெதையோ கலந்து கொடுத்ததும், தார் ஒரே சமயத்தில் வராமல் வியாபாரி பாதி விலைக்குக் கேட்டதும், புகார் கொடுக்கப் போனால் பில் எங்கே என்று கேட்டதும்! கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் கன்று வாங்குகிறவர்கள் தயவு செய்து பில் வாங்குங்கள்.

சண்டை வந்தது கார் நிறுத்துமிடத்தில். "பாத்தியா பாப்பா, பொம்பளப் பிள்ளைக்குப் பங்கு குடுக்கல, வீடு நிக்குது. நம்ம வீடு எங்க நிக்குது?" என்றார். எனக்கு வந்ததே கோபம். நிறுத்தி வைத்த காரில் உட்கார்ந்தே பதில் சொன்னேன்.

பெஸ் இல்லாவிட்டால் வீடே இல்லை. நாலாவது டியூக் கட்டிய ஷார்லட் பாயில், அப்பாவுக்கு ஒரே வாரிசு. அயர்லாந்தில் லிஸ்மோர் கோட்டை, யார்க்ஷயரில் போல்டன் ஆபி, லண்டனில் சிஸிக் மாளிகை எல்லாம் அவர் வழியாகத்தான் இந்தக் குடும்பத்துக்கு வந்தது. இன்னொரு வீட்டில் ஆண் வாரிசு இல்லாமல் போனதால் இந்த வீடு கொழுத்தது. அப்போது மட்டும் பெண்ணின் பங்கு இனித்ததா என்று கேட்டேன்.

அதோடு, பங்கு போடாவிட்டால் வீடு நிற்கும் என்பதும் முழு உண்மை இல்லை. 1950ல் பத்தாவது டியூக் ஈஸ்ட்போர்னில் விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். அன்றைய சட்டப்படி, சொத்தை மகன் பெயருக்கு மாற்றி ஐந்து வருஷம் உயிரோடு இருந்தால் மரண வரி கிடையாது. அதற்குச் சில வாரம்தான் பாக்கி. 80 சதவீதம் வரி விழுந்தது. ஹோல்பைன் வரைந்த எட்டாம் ஹென்றி படம், மெம்லிங் ஓவியம், கிளாட் லொரேனின் கோட்டோவிய நூல் எல்லாம் அரசு அருங்காட்சியகங்களுக்குப் போயின. பெஸ் கட்டிய ஹார்ட்விக் மாளிகையே போனது. மூத்த மகன் 1944ல் போரில் சுடப்பட்டு இறந்திருந்தார். கென்னடியின் தங்கை கேத்லீனைக் கட்டி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் பொறுப்பு இளைய மகன் ஆண்ட்ரூ தலையில் விழுந்தது. அவர் மனைவி டெபோரா, கோழி வளர்ப்பில் பைத்தியமானவர், கணவரோடு சேர்ந்து வீட்டைத் தூக்கி நிறுத்தினார். 1977ல் பண்ணைக் கடை திறந்தார். 1981ல் வீட்டை ஓர் அறக்கட்டளையிடம் விட்டார்கள். இப்போது குடும்பம் தாங்கள் தங்கும் பகுதிக்கு அந்த அறக்கட்டளைக்கு வாடகை கொடுக்கிறது. ஆக, 'ஒரே குடும்பத்திடம் இருக்கிறது' என்று நீங்கள் எழுதியிருப்பது பாதிதான் சரி.

"வாடகையா?" என்றார் பெரியப்பா. "சொந்த வீட்லயா?" அதற்குப் பிறகு ஷெஃபீல்டு வரை பேச்சில்லை.

நான் பிரபுக்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டின் அடித்தளம் மடங்களிடம் பறித்தது, சுரங்கக் கூலிகள் வெட்டியது, அயர்லாந்து நிலம் கொடுத்தது. இந்தியாவில் அள்ளியதைப் பார்க்க வேண்டுமென்றால் வேல்ஸில் உள்ள போவிஸ் கோட்டைக்குப் போங்கள். ராபர்ட் கிளைவும் சென்னை கவர்னராக இருந்த அவர் மகனும் கொண்டுவந்தவை, திப்பு சுல்தானின் கூடாரம் உட்பட, அங்கே இருக்கின்றன. கோஹினூர் லண்டன் கோபுரத்தில். அதை என்னிடம் கேட்காதீர்கள்.

இன்னொன்று. அரச பட்டத்துக்கே 2013ல் சட்டம் போட்டு, 2011 அக்டோபர் 28க்குப் பிறகு பிறக்கும் மூத்த குழந்தை பெண்ணானாலும் தம்பி முந்த முடியாது என்று மாற்றிவிட்டார்கள். டியூக் பட்டங்களுக்கு அதை இன்னும் செய்யவில்லை. இதை மட்டும் பெரியப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சின்னமனூர் முழுக்கப் பரப்பிவிடுவார்.