ஜன்ஜா கெட்டவனா, பசித்தவனா? சிங்கக் கார்ட்டூன் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

நாகர்கோவிலில் வீட்டு மாடியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். கல்லூரியில் படித்தது விலங்கியல். 'தி லயன் கார்ட்' தொடரின் 3 சீசனையும் மகளோடு உட்கார்ந்து, சில எபிசோடுகளைப் பத்துத் தடவைக்கு மேல், பார்த்தவள். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது தெரிந்த பிறகு, பிள்ளையை வகுப்புக்குக் கொண்டு விட வருகிறவர்கள் படிக்கட்டிலேயே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எழுதி அனுப்பியவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் இங்கே சேர்த்துப் பதில்.

பார்க்காதவர்களுக்காக: இது டிஸ்னி தயாரிப்பு, 'தி லயன் கிங்' படத்தின் கிளைக்கதை. 2015 நவம்பரில் ஒரு தொலைக்காட்சிப் படமாகத் தொடங்கி, 2016 முதல் 2019 வரை தொடராக ஓடியது. சிம்பா ராஜாவின் இரண்டாவது பிள்ளை கியோன், காட்டைக் காக்க ஒரு காவல்படை அமைக்கிறான். வழக்கப்படி அந்தப் படையில் சிங்கங்கள் மட்டும்தான் இருக்க வேண்டும். இவனோ புங்கா என்ற தேன் வளைக்கரடி, ஃபூலி என்ற சிறுத்தை (சிவிங்கி), பெஷ்டே என்ற நீர்யானை, ஓனோ என்ற கொக்கு என்று தன் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொள்கிறான். எதிர்ப்பக்கத்தில் ஜன்ஜா என்ற கழுதைப்புலியும் அவன் கூட்டமும்.

மார்த்தாண்டத்தில் இருந்து ஓர் அம்மா: அக்கா, என் மகனுக்கு 5 வயசு. விளையாட்டில் எப்போதும் ஜன்ஜாவாகத்தான் இருப்பேன் என்று அடம்பிடிக்கிறான். தங்கச்சிதான் கியோன். கெட்டவன் புத்தி வந்துவிடுமோ?

வராது. என் வகுப்பில் 'பிடித்த பாத்திரத்தை வரையுங்கள்' என்றால் 11 பிள்ளைகளில் 6 பேர் ஜன்ஜாவை வரைவார்கள். சாம்பல் நிறக் கிரேயான்தான் முதலில் தீரும். ஒரு பையன் ஜன்ஜாவின் பிடரி மயிரை அழுத்தி அழுத்தி வரைந்து தாளையே கிழித்துவிட்டான்.

காரணம் எளிது. கியோன் எப்போதும் ஒழுங்காக இருக்க வேண்டும். ஜன்ஜாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. கத்தலாம், விழலாம், கோணலாகச் சிரிக்கலாம். அதோடு அவன் கூடவே திரிகிற சீஸியும் சுங்குவும் இருக்கிறார்களே, நம் பக்கத்துத் தோல்பாவைக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு அவர்கள் யாரென்று சொல்லவே வேண்டாம். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அப்படியே! ராமாயணம் நடக்கும்போது ராமன் வந்தால் பிள்ளைகள் கொட்டாவி விடும். இந்த இரண்டு பேரும் ஒருவர் தலையில் ஒருவர் அடித்துக்கொண்டு திரையில் வந்தால் முன்வரிசை முழுக்க எழுந்து நிற்கும். உங்கள் மகனும் அந்த முன்வரிசைதான். தங்கச்சியை நிஜமாகவே கடித்தால் மட்டும் சொல்லுங்கள்.

திருவட்டாறில் இருந்து ஒருவர்: கோயில் திருவிழாவில் கதகளி பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே முகத்தைப் பார்த்ததும் நல்லவனா கெட்டவனா என்று தெரிந்துவிடும். இந்தக் கார்ட்டூனில் எனக்கு ஸ்காரைப் புரியவில்லை. 'தி லயன் கிங்' படத்திலேயே செத்துப்போன அந்த வில்லன் சிங்கம் எப்படித் திரும்ப வருகிறான்?

முதலில் கதை. இரண்டாவது சீசனில் எரிமலைக்குள் ஜன்ஜா கியோனைச் சீண்டுகிறான். கியோன் ஆத்திரத்தில் கர்ஜிக்கிறான். அதே நேரத்தில் ஒரு மந்திரக் கோலும் நெருப்புக் குழம்பில் விழுகிறது. நெருப்பில் ஸ்காரின் முகம் எழும்புகிறது. உடம்பு கிடையாது, முகமும் குரலும் மட்டும். உஷாரி என்ற நாகம் அவனுடைய வலக்கை ஆகிறது. (உஷாரி வந்தால் உஷார் என்று என் மகள் கத்துவாள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைக்கிற நகைச்சுவை.)

கவனித்தீர்களா, கெட்டவன் எழும்பி வருவதற்கு நாயகனின் கோபமும் ஒரு காரணம். பிள்ளைகளுக்கான தொடரில் இவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்களே என்று எனக்கு அப்போதுதான் மரியாதை வந்தது.

இப்போது உங்கள் கதகளி. ஸ்கார் முழுக் கொடியவனுக்குப் போடுகிற சிவப்புத் தாடி வேஷம் இல்லை, கத்தி வேஷம். ராவணனுக்கும் துரியோதனனுக்கும் போடுகிறார்களே அதுதான். அடிப்படை நிறம் நாயகனுக்குரிய பச்சை, ஏனென்றால் பிறப்பில் அவன் ராஜ வம்சம். அதன் மேல் கத்தி வடிவில் சிவப்பு. ஸ்காரும் பழைய அரசன் முஃபாசாவின் தம்பி, சிம்பாவுக்குச் சித்தப்பா. இந்தத் தொடர் சொல்வது இன்னும் ஒருபடி மேலே: அவனே ஒரு காலத்தில் காவல்படைத் தலைவன். கியோனிடம் இருக்கிற முன்னோரின் கர்ஜனை என்ற வரம் அவனிடமும் இருந்தது. அண்ணனைக் கவிழ்க்கத் துணைக்கு வரமாட்டோம் என்று சொன்ன தன் படையையே அந்தக் கர்ஜனையால் அழித்தான். வரம் அதோடு போயிற்று. பச்சை முகத்தில் சிவப்பு விழுந்த இடம் அதுதான்.

அதே நபர், இரண்டாவது கேள்வி: அப்படியானால் கியோனுக்கும் கண்ணருகே காயம் வருகிறதே, வேண்டுமென்றேதானா?

வேண்டுமென்றேதான். முழுத் தொடரிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுங்கள்.

மூன்றாவது சீசன் தொடக்கத்தில் எரிமலைச் சண்டை. உஷாரி கியோனைக் கண்ணருகே கடித்துவிடுகிறது. ஸ்காரின் முகத்தில் இருப்பதும் ஒரு நாகம் கடித்த தழும்புதான். சின்ன வயதில் அடிபட்டு வந்தவனை அண்ணன் முஃபாசா விளையாட்டாகத் 'தழும்பா' என்று கூப்பிட, அந்தக் கிண்டல் உள்ளே போய்த் தங்கிவிட்டது. ஸ்கார் என்றாலே தழும்பு என்றுதான் அர்த்தம். கேலியாக வைத்த பெயரையே கடைசிவரை சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான். நம் வீடுகளில் 'ஏல கருப்பா', 'ஏ குண்டு' என்று கூப்பிடுகிறோமே, அந்த மாதிரிதான்.

இரண்டு பேருக்கும் ஒரே காயம், ஒரே விஷம், ஒரே வரம். கியோன் ஸ்காரை நோக்கி ஆத்திரத்தில் கர்ஜித்திருந்தால் கதை வட்டம் போட்டு அதே இடத்துக்கு வந்திருக்கும். அவன் முன்னோர் சிங்கங்களை அழைத்து, அவர்களிடம் விட்டுவிடுகிறான். அதோடு முடித்திருந்தால் வழக்கமான கார்ட்டூன். இவர்கள் முடிக்கவில்லை. விஷம் கியோனின் உடம்பில் தங்குகிறது. அடுத்த எபிசோடுகளில் சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறான். கர்ஜனை அவன் கட்டுப்பாட்டில் நிற்பதில்லை. வைத்தியத்துக்காக நெடுந்தூரம் போகிறார்கள், கூட்டாளிகள் வழியெல்லாம் அவனைப் பொறுத்துக்கொள்கிறார்கள். எரிமலையில் கண் பாதிக்கப்பட்ட கொக்கு ஓனோ, பார்வைக் கூர்மைக்காகவே படையில் சேர்க்கப்பட்டவன், தன் இடத்தை அங்கா என்ற கழுகுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு யோசனை சொல்கிற ஆளாகக் கூடவே வருகிறான்.

குலசேகரத்தில் இருந்து ஒரு கல்லூரி மாணவி: கழுதைப்புலி நிஜத்திலும் திருட்டு விலங்குதானா டீச்சர்?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். இல்லை. ஹான்ஸ் க்ரூக் என்ற ஆய்வாளர் 1960-களில் தான்சானியாவின் செரங்கெட்டியிலும் கோரோங்கோரோவிலும் இரவுகளில் புள்ளிக் கழுதைப்புலிகளைப் பின்தொடர்ந்தார். விடிகாலையில் சிங்கம் தின்றுகொண்டிருக்க, கழுதைப்புலிகள் சுற்றி நின்றால், பார்க்கிறவர்கள் 'திருட வந்திருக்கின்றன' என்பார்கள். அவர் இரவு முழுக்கக் கூடவே இருந்ததால் நடந்தது தெரிந்தது: பல நேரம் வேட்டையாடியது கழுதைப்புலி, பிடுங்கிக்கொண்டது சிங்கம்! ராஜா செய்தால் அது திருட்டு ஆகாது போல.

இன்னொன்று. புள்ளிக் கழுதைப்புலிக் கூட்டத்தில் தலைமை பெண்ணுக்குத்தான். பெண்தான் உருவத்திலும் பெரியது. ஆகவே ஜன்ஜா மாதிரி ஓர் ஆண் கூட்டத்தை நடத்துவது கற்பனை. ஜாசிரி என்ற பெண் கழுதைப்புலி தன் கூட்டத்தை நடத்துவதுதான் நிஜத்துக்குப் பக்கம். ஜாசிரி என்றால் சுவாஹிலி மொழியில் துணிச்சல். முதல் சீசனிலேயே அவள் கியோனிடம் 'நாம் எல்லாம் ஒன்றுதான்' என்று பாடிவிடுகிறாள். ஜன்ஜாவும் கடைசியில் அவள் பக்கம் சேர்கிறான். அதுவரை அவன் செய்த குற்றம் என்ன என்று யோசித்துப் பாருங்கள்: பசிக்கு மேல் தின்றது, அடுத்தவன் எல்லைக்குள் புகுந்தது. அவ்வளவுதான். அவன் ஊரில் தண்ணீரும் இல்லை, புல்லும் இல்லை. நான் அங்கே பிறந்திருந்தால் நானும் எல்லை தாண்டியிருப்பேன்.

கழுதைப்புலி நாய்க் குடும்பமும் இல்லை. பூனை, கீரி இவற்றுக்குத்தான் சொந்தம். வரியுள்ள வகை சத்தியமங்கலம், முதுமலைப் பக்கக் காடுகளில் இருக்கிறது.

ஆரல்வாய்மொழி வாசகர்: பிணந்தின்னிக் கழுகையும் வில்லன் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்களே?

ம்ஜிங்கோ. ஆமாம், அதில் எனக்கும் வருத்தம். ஜடாயுவைக் கும்பிடுகிற நாட்டில் பிள்ளைகள் கழுகைப் பார்த்து 'சீ' என்பது நன்றாக இல்லை. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் போய் இந்தியாவில் இந்தக் கழுகுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். அதற்குள் வெண்முதுகுக் கழுகில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் போய்விட்டது. கார்ட்டூனில் வில்லன் அதுவாக இருக்கலாம், இங்கே மருந்துதான்.

மார்த்தாண்டம், வேறொரு வாசகி: ஐந்து பேர் படையில் ஃபூலி மட்டும்தான் பெண். சிங்கக்குட்டியிலும் தம்பிக்குத்தான் பெருமை. அக்கா கியாரா சும்மா நிற்கிறாள்.

படையைப் பற்றிச் சொன்னது சரி. மூன்றாவது சீசனில் அங்கா வந்த பிறகுதான் கொஞ்சம் சமன் ஆகிறது. ஆனால் கியாரா சும்மா நிற்கவில்லை, அடுத்த அரசி அவள்தான். சிங்கக் கூட்டத்தில் நடப்பதும் இதுவே. பெண் குட்டிகள் பிறந்த கூட்டத்திலேயே தங்கும், அம்மா, சித்தி, பாட்டி என்று தலைமுறையாக. ஆண் குட்டிக்கு 2, 3 வயதானால் வெளியே போக வேண்டியதுதான், வேறு இடம் தேட வேண்டியதுதான். கியோனும் கடைசியில் பிறந்த இடத்தை விட்டு வேறொரு நாட்டில் ராணியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகிறான். (அவள் பெயரே ராணிதான்.) ஊரைக் காக்கிற வேலை விட்டானி என்ற பெண் சிங்கத்தின் படைக்குப் போகிறது. வீட்டோடு மாப்பிள்ளை கதை என்று என் மாமியார் சிரித்தார்கள்.

தக்கலையில் இருந்து ஒரு தாத்தா: பேரன் சதா இதையாக்கும் பார்க்கிறான். வெள்ளைச் சிங்கம் ஒன்று வருகிற வேறொரு கார்ட்டூனும் காட்டினான். அது இதைப் பார்த்து எடுத்ததா?

அது மூத்தது ஐயா. ஜப்பானில் ஒசாமு தெசூகா 1950-ல் படக்கதையாகத் தொடங்கி, 1965-ல் தொலைக்காட்சிக்கு வந்தது. ஆங்கிலத்தில் அந்த வெள்ளைச் சிங்கத்தின் பெயர் கிம்பா. அதிலும் வில்லன் ஒற்றைக்கண் சிங்கம் ஒன்று. கழுதைப்புலிகள் இரண்டு அவனுக்கு எடுபிடி. பேரனோடு நீங்களும் உட்கார்ந்து பாருங்கள், அதில் மனிதர்களும் வருவதால் கதை கனமாக இருக்கும்.

குளச்சலில் இருந்து ஓர் அம்மா: நெருப்பில் அந்த முகம் வந்தாலே என் 4 வயசு மகள் அலறுகிறாள். நிறுத்திவிடவா?

எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். ராத்திரி நேரம், ஸ்காரின் முகம் எழும்புகிற அதே நொடியில் கரண்ட் போனது. மகள் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு அண்ணன் டார்ச்சோடு ஓடி வந்துவிட்டார். ஒரு வாரம் கக்கூசுக்குத் தனியாகப் போகவில்லை.

அதன் பிறகு நான் கண்டுபிடித்த வழி: பகலில் போடுங்கள், அந்த இடத்தில் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். பயமே சத்தத்தில்தான் இருக்கிறது. அப்புறம் அந்த முகத்தை அவளையே வரையச் சொல்லுங்கள். என் மகள் ஸ்காருக்கு மூக்குத்தி போட்டு, தலையில் பிச்சிப்பூ வைத்து வரைந்தாள். மூன்றாம் நாள் 'மூக்குத்தி மாமா வரட்டும்' என்று அவளே போடச் சொன்னாள். இதற்கும் மசியவில்லை என்றால் இரண்டாவது சீசனை ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள். முதல் சீசனே போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது.

இதுவரை வந்த வில்லன்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? (மூன்று பேர் கேட்டது)

மக்கூ என்ற முதலை. புவா என்ற கிழ முதலையைத் தோற்கடித்துத் தலைவனாகிறான், திமிர் பிடித்தவன், காவல்படையை மதிப்பதில்லை. பிறகு பொறுப்பு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறான். யாரும் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை, பாட்டுப் பாடித் திருத்தவில்லை. அவனுடைய திமிர் அப்படியே கிபுரி என்ற இன்னொரு முதலைக்குப் போய்விடுகிறது. கிபுரி என்றால் சுவாஹிலியில் அகந்தை என்றே அர்த்தம்.

பூதப்பாண்டி, 7 வயது, கிறுக்கலான கையெழுத்து: கீரிப்பாறைக் காட்டில் சிங்கம் உண்டா? கியோனும் பெஷ்டேயும் சண்டை போட்டால் யார் ஜெயிப்பார்?

மக்களே, கீரிப்பாறையில் சிங்கம் கிடையாது. நம் மலைகளில் இருப்பது புலி. இந்தியாவில் சிங்கம் குஜராத்தில் கிர் காட்டிலும் அதைச் சுற்றியும் மட்டும்தான். 2025 கணக்கில் 891. நமக்குப் பக்கத்தில் வேண்டுமானால் சுசீந்திரம் கோயில் தூணில் யாளி இருக்கிறது. அதற்குச் சிங்க முகம்தான், அம்மாவோடு போய்ப் பார்.

சண்டையில் பெஷ்டேதான். ஆண் சிங்கம் 190 கிலோ இருக்கும் என்று வை. வளர்ந்த நீர்யானை 1,500 கிலோவுக்கு மேல், வாயைத் திறந்தால் நீ உள்ளே நிற்கலாம். புல்தான் தின்னும், ஆனாலும் ஆப்பிரிக்காவில் ஊர்க்காரர்கள் சிங்கத்தைவிட அதற்குத்தான் அதிகம் ஒதுங்குவார்கள். ராத்திரி மேய்ந்துவிட்டுத் திரும்புகிற நேரத்தில் அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் மட்டும் யாரும் நிற்கக் கூடாது. கியோனாக இருந்தாலும்தான்.