சுரங்க வேலையை விட்டு 20 ஆண்டுகளுக்குப் பிறகும் சிலிக்கோசிஸ் வருமா?

வரலாம். சிலிக்கோசிஸ் என்பது சிலிக்கா தூசியை மூச்சில் இழுப்பதால் நுரையீரலில் தழும்பு விழும் நோய். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்த உங்கள் தந்தைக்கு இப்போது மூச்சிரைப்பு இருப்பதாகவும், காசநோய் மாத்திரைகள் தரப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டுவிட்டதால் அவருடைய மூச்சிரைப்புக்கும் சுரங்கத்துக்கும் தொடர்பிருக்காது என்று சொல்லப்பட்டதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நுரையீரலில் படிந்த சிலிக்கா தூசி, வேலையை விட்ட பின்னும் தழும்பை வளர்த்துக்கொண்டே போகக்கூடும்.

அங்கே தங்கம், சிலிக்காவால் ஆன குவார்ட்ஸ் பாறை இழைகளில் கிடைத்தது. அவர் துளைப்பொறியில் வேலை பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் செலுத்தாமல் துளையிட்டாலோ, வெடித்த புகையும் தூசியும் அடங்குமுன் கல் அள்ளப் போனாலோ நுண்தூசி மூச்சுடன் ஆழமாக உள்ளே போகும். (கண்ணுக்குத் தெரியும் பெருந்தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடும்.)

1. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, நிலத்தடியில் என்ன வேலை என்பதை ஒரு தாளில் எழுதி, பழைய எக்ஸ்ரேக்களுடன் நுரையீரல் மருத்துவரிடம் கொடுங்கள். இதைக் கேட்காமலேயே மருந்து எழுதுபவர்கள் அதிகம்.

2. எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேற்பகுதியில், சிலிக்கோசிஸின் அடையாளமாக இருக்கக்கூடிய சிறு உருண்டைப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று கேளுங்கள்.

சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோயும் எளிதில் தொற்றும்; இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஆகவே சளிப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்; இப்போது தரப்படும் காசநோய் மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவும் வேண்டாம்.