நாடு கட்டி ஆளும் கணினி ஆட்டமான சிவிலைசேஷன் 5இல் ஆராய்ச்சி, ராஜதந்திரம், போர் மூன்றையும் எப்படிச் சமாளிப்பது?

கேள்வி கேட்டவரின் புலம்பல் இது: ஆராய்ச்சியில் கவனம் வைத்தால் பக்கத்து நாட்டான் படையோடு வந்துவிடுகிறான். படை கட்டினால் ஆராய்ச்சியில் பின்தங்கிவிடுகிறேன். பாதி பாதியாகச் செய்தால் இரண்டுமே உருப்படுவதில்லை.

அந்தப் பாதி பாதிதான் வினை. நானும் இரண்டு வருடம் அப்படித்தான் ஆடினேன். ஒரு நூலகம், ஒரு வில்லாளி, ஒரு நூலகம், ஒரு வில்லாளி என்று மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு, எல்லாம் சமமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். டர்ன் 150, அதாவது 150ஆவது சுற்று, வரும்போது பார்த்தால் அறிவிலும் நாலாவது இடம், படையிலும் நாலாவது இடம்.

நான் இருப்பது மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில். வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம், பாயான் லெப்பாஸில், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஓய்வு நாள் வந்தால் அக்கா மகன் மோட்டாரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். கீழே மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக் கடை) பசியாறிவிட்டு வந்து ஒரே லேப்டாப்பில் மாறி மாறி ஆடுவோம். அவன் டர்ன் வந்தால் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட வேண்டும், திரையைப் பார்க்கக் கூடாது. எங்கள் வீட்டு எல்லை ஒப்பந்தம் அது. கீழே நான் எழுதுவதில் பாதி அவனிடம் தோற்றுக் கற்றது. மீதி கணினியிடம். எல்லாமே 2013இல் வந்த பிரேவ் நியூ வேர்ல்ட் விரிவாக்கத்தோடு ஆடியவை. அது இல்லாமல் ஆடினால் சில கணக்குகள் மாறும்.

முதலில் நான் வாங்கிய அடியைச் சொல்கிறேன். கொரியாவை எடுத்திருந்தேன். கடினத்தில் உயர்ந்த எம்பரர் நிலை. நாலு நகரம், நாலிலும் நூலகம், தலைநகரில் தேசியக் கல்லூரி. பக்கத்தில் கணினி ஆடும் ஜூலு நாட்டு ஷாகா. அவனோடு நட்பு அறிவிப்பு போட்டு, கையில் இருந்த தங்கத்தை எல்லாம் கொட்டி அவனோடேயே ஆராய்ச்சி ஒப்பந்தமும் (இருவரும் தங்கம் போட்டு, முதிர்ந்ததும் அறிவியல் பெறுவது) போட்டேன். பணம் வாங்கியவன் அடிக்க மாட்டான் என்று ஒரு நம்பிக்கை. அந்த ஒப்பந்தம் முதிர 30 டர்ன் ஆகும். இருபத்துச் சொச்சம் டர்னில் அவனுடைய இம்பி ஈட்டி வீரர்கள் வந்து நின்றார்கள். என்னிடம் இருந்தது மூன்று வில்லாளிகள். போர் தொடங்கியதும் ஒப்பந்தம் முறிந்தது, போட்ட தங்கம் போனது போனதுதான். அக்கா மகன் சமையலறை வாசலில் நின்று, “என்ன மாமா, பணமும் கொடுத்து ஊரையும் கொடுக்கிறீங்க?” என்றான்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். ஆராய்ச்சி ஒப்பந்தம் என்றால் தூரத்து நாட்டோடு, என்னை அடிக்க வேண்டுமானால் கடல் தாண்டி வர வேண்டியவனோடு. பக்கத்து வீட்டுக்காரனோடு தூதரகம், ஆடம்பரப் பொருள் வியாபாரம், அவ்வளவுதான்.

சரி, ஒவ்வொன்றாக வருவோம்.

இந்த ஆட்டத்தில் ஆராய்ச்சி என்பது சோறு. ஒவ்வொரு குடிமகனும் ஒரு அறிவியல் புள்ளி தருகிறான். நூலகம் கட்டினால் இரண்டு பேருக்கு ஒரு புள்ளி கூடுதல். பல்கலைக்கழகம் அதன் மேல் சதவீதம் சேர்க்கிறது. ஆக, பல்கலைக்கழகத்துக்கு அவசரப்படுவதற்கு முன்னால் வயலையும் ஆற்றங்கரையையும் பாருங்கள். உள்நாட்டு வணிகப் பாதையை உணவு கொண்டுவர விட்டால் தலைநகர் கிடுகிடுவென வளரும். ஆள் பெருகினால் அறிவு தானாகப் பெருகும். இதற்கு மேல் ஆராய்ச்சியில் பெரிய ரகசியம் கிடையாது.

ஆனால் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. சாதாரண அளவு வரைபடத்தில் நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு நகரமும் தொழில்நுட்பத்தின் விலையை 5 சதவீதம் ஏற்றுகிறது. அதோடு நாட்டின் மகிழ்ச்சியிலும் கை வைக்கிறது. பிடித்த ஊர் எல்லாம் லாபம் இல்லை என்பதை இந்த 5 சதவீதம்தான் எனக்குப் புரியவைத்தது.

ராஜதந்திரத்துக்கு வருகிறேன். இந்த வகை ஆட்டங்களுக்கு 4எக்ஸ் என்று பெயர் வைத்தவர் ஆலன் எம்ரிச், 1993இல். தேடு, விரி, சுரண்டு, அழி என்பதுதான் அந்த நாலு, ஆங்கிலத்தில் நாலிலும் எக்ஸ் ஒலி வரும். கவனித்தீர்களா, நாலில் ஒன்றுகூடப் பேச்சுவார்த்தை இல்லை. அதனாலோ என்னவோ, நிறையப் பேர் பேச்சுவார்த்தைத் திரையை ஒரு வியாபாரக் கவுன்ட்டராக மட்டும் பார்க்கிறார்கள். இல்லையென்றால் எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார்கள். இரண்டாவது முடியவே முடியாது. ஒருவனோடு நட்பு அறிவித்தால் அவனுடைய எதிரி உங்களை முறைப்பான். யாரிடம் கெட்ட பெயர் வாங்கலாம் என்று தேர்ந்தெடுப்பதுதான் இங்கே ராஜதந்திரம். தூரத்தில் இருப்பவன், படை பலம் இல்லாதவன், ஏற்கெனவே நாலு பேர் கண்டனம் செய்தவன், இவர்களில் ஒருவன் முறைத்தால் முறைக்கட்டும்.

இன்னொன்று, பக்கத்து நாட்டான் படை சேர்க்கிறான் என்று தெரிந்தால் நீங்கள் படை சேர்ப்பதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது. அவனுக்குத் தங்கம் கொடுத்து வேறொருவன் மேல் போர் தொடுக்க வைக்கலாம். அவன் அங்கே முட்டிக்கொண்டிருக்கும் நாட்களில் நீங்கள் பல்கலைக்கழகம் கட்டலாம். கேட்க அசிங்கமாக இருக்கும், ஆனால் ஷாகா, அட்டிலா மாதிரி ஆட்கள் பக்கத்தில் இருந்தால் எனக்கு வேறு மருந்து தெரியாது. காந்தி பக்கத்தில் இருந்தால் ஆரம்பத்தில் நிம்மதி, கடைசியில்தான் பயம். இந்த வரிசையின் முதல் ஆட்டத்தில் ஒரு நிரல் பிழையால் காந்தி அணுகுண்டுப் பைத்தியம் ஆனார் என்று ஒரு கதை உலவுகிறது. அப்படி ஒரு பிழையே இல்லை என்று ஆட்டத்தை உருவாக்கிய சிட் மையர் 2020இல் எழுதிவிட்டார். ஆனால் இந்த ஐந்தாவது ஆட்டத்தில் வேண்டுமென்றே அவருடைய அணு ஆயுத ஆசையைப் பத்துக்குப் பன்னிரண்டு என்று வைத்திருக்கிறார்கள்!

நகர அரசுகளை, அதாவது கணினி நடத்தும் ஒற்றை ஊர் நாடுகளை, மறக்காதீர்கள். செல்வாக்கு 30 இருந்தால் நண்பன், 60 இருந்தால் கூட்டாளி. உங்களுக்கும் முரட்டு அண்டை நாட்டுக்கும் நடுவில் ஒரு நகர அரசு இருந்தால் அதைக் கூட்டாளியாக வைத்திருப்பது ஒரு சுவர் கட்டியதற்குச் சமம். எதிரியின் முதல் பத்து டர்ன் அதை முட்டுவதில் போய்விடும். கோலாலம்பூர் இந்த ஆட்டத்தில் நகர அரசாக வருகிறது. அதைக் கண்டுவிட்டால் அக்கா மகன் கணக்குப் பார்க்காமல் தங்கத்தை அள்ளிக் கொடுப்பான். பினாங்கு இல்லையே என்று எனக்கு ஒரு சின்ன மனக்குறை.

இப்போது போர். என் பதிலின் கனமான பகுதி இதுதான். போர் என்பது எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக நடத்திக்கொண்டே இருக்கும் வேலை இல்லை. ஆராய்ச்சி ஒரு கதவைத் திறக்கும், அது கொஞ்ச காலம்தான் திறந்திருக்கும், அதற்குள் போய்விட்டுத் திரும்பிவிட வேண்டும். எனக்குப் பிடித்த கதவு டைனமைட் என்ற தொழில்நுட்பம். அது கிடைத்ததும் ஆர்ட்டிலரி என்ற பெரிய பீரங்கி வருகிறது. நகரம் வரைபடத்தில் இரண்டு கட்டம் வரைதான் சுடும். ஆர்ட்டிலரி மூன்று கட்டம் சுடும், நடுவில் மலை இருந்தாலும் தலைக்கு மேலே சுடும். அதற்கு முந்தைய பீரங்கியான கேனன் இரண்டு கட்டம்தான். அந்த ஒரு கட்ட வித்தியாசத்தில் போரின் முகமே மாறிவிடுகிறது.

நான் செய்வது இப்படி. டைனமைட் கிடைக்க ஏறக்குறைய இருபது டர்ன் இருக்கும்போதே ஐந்தாறு கேனன் கட்டி வைத்துவிடுவேன். அந்த இருபது டர்னும் தங்கத்தைச் செலவழிக்க மாட்டேன். நட்பு அறிவித்த தூரத்து நாடுகளிடம் உபரி ஆடம்பரப் பொருளை மொத்தத் தொகைக்கு விற்பேன். இந்த விரிவாக்கத்தில் நண்பர்கள் மட்டும்தான் மொத்தமாகத் தங்கம் தருவார்கள், மற்றவர்கள் டர்னுக்கு இவ்வளவு என்று தவணைதான். பாருங்கள், பல டர்னுக்கு முன்னால் போட்ட நட்பு இப்போது பீரங்கிக்குக் காசாகிறது. டைனமைட் கிடைத்த அன்றே அத்தனை கேனனையும் ஆர்ட்டிலரியாக உயர்த்துவேன். அதைச் சொந்த எல்லைக்குள் வைத்துத்தான் செய்ய முடியும், எதிரி மண்ணில் நின்றுகொண்டு செய்ய முடியாது. முதல் தடவை இது தெரியாமல் முன்னாலேயே போர் அறிவித்து, படையை உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிட்டு முழித்தேன்.

படையை எல்லையில் குவித்தால் எதிரி கூப்பிட்டுக் கேட்பான், சண்டைக்கா வருகிறாய், சும்மா போகிறாயா என்று. சும்மா போகிறேன் என்று சொல்லிவிட்டு அடித்தால் வாக்கு மீறியவன் என்று ஊரெல்லாம் பெயர் கெடும். அதனால் சற்றுத் தள்ளியே நிறுத்தி, அறிவித்த பிறகு நகர்த்துங்கள். ஆர்ட்டிலரி ஒரு கட்டம் நகர்ந்து நிலை நிறுத்தினால் அந்த டர்ன் முடிந்தது, அடுத்த டர்னில்தான் சுடும். அதன் கண் மூன்று கட்டம் எட்டாது, எனவே முன்னால் ஒரு குதிரைப் படை நின்று பார்த்துக்கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று டர்னில் நகரத்தின் உயிர் தீர்ந்துவிடும். உள்ளே நுழைய மட்டும் ஒரு காலாட்படை.

இரண்டு நல்ல ஊர், முடிந்தால் தலைநகர். அவன் படை அழிந்ததும் சமாதானத்துக்குத் தங்கமும் பொருளும் தருவதாக அவனே வருவான். வாங்கிக்கொண்டு நிறுத்திவிடுங்கள். இந்த நிறுத்துவதுதான் கஷ்டம்.

அக்கா மகனுக்கு அது வரவே வராது. போன தீபாவளி விடுமுறையில் ஒரே போரில் ஏழு ஊரைப் பிடித்தான். வரைபடத்தில் பாதி அவன் நிறம். மகிழ்ச்சி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, ஊர்கள் வளர்வதை நிறுத்தின. பிடித்த ஊர்களில் எதிர்ப்பு அடங்கவில்லை. எல்லா நாடும் கண்டனம் செய்தது, அவனுடைய ஆடம்பரப் பொருளை வாங்க ஆளில்லை. நாலு ஊரோடு ஓரமாக உட்கார்ந்திருந்த நான் அவனைவிட ஆறு தொழில்நுட்பம் முன்னால் போய்விட்டேன். சண்டை எல்லாம் அவன் ஜெயித்தான், விண்கலம் என்னுடையது கிளம்பி ஆட்டமும் எனக்கே ஆனது. “நீங்க ஆடவே இல்லையே மாமா” என்று இன்றைக்கும் சொல்கிறான்.

இந்த நிறுத்துகிற கலைக்கு எனக்கு ஞாபகம் வருவது எங்கள் ஊர்க் கதைதான். வானம் தெளிவாக இருந்தால் வடக்கே ஜெராய் மலை தெரியும். அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு, நம் கல்வெட்டுகள் சொல்லும் கடாரம் அந்தப் பக்கம்தான். 1025இல் ராஜேந்திர சோழன் கப்பல் படையோடு வந்து கடாரத்து அரசனைப் பிடித்தான் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கு முன்னால் நடந்தது அவ்வளவு பேசப்படுவதில்லை. அவன் தந்தை ராஜராஜன் காலத்தில் கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய அரசர்கள் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் கட்டினார்கள், அதற்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயை ராஜராஜன் கொடுத்தான். நட்பு அறிவிப்பு, வணிகப் பாதை எல்லாம் போட்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு படையெடுப்பு. ஆனால் பிடித்த ஊர்களை எல்லாம் சோழ மாகாணம் ஆக்கி ஆளவில்லை. 1090 வாக்கில் குலோத்துங்கன் காலத்தில் கடாரத்துத் தூதர்கள் வந்து கேட்க, அதே விகாரத்துக்கு மறுபடி சலுகை கொடுத்துச் செப்பேடு எழுதுகிறார்கள். கடலுக்கு அக்கரையில் அத்தனை ஊரையும் வைத்து ஆண்டிருந்தால் அந்த 5 சதவீதம் சோழ நாட்டை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று நான் சொன்னால் அக்கா மகன் சிரிக்கிறான். 2025இல் வந்த ஏழாவது ஆட்டத்தில் சோழர்களையே எடுத்து ஆடலாம். அதை வாங்கித் தரச் சொல்லி நச்சரிக்கிறான். என் லேப்டாப் தாங்காது.

நீங்கள் எந்த நிலையில் ஆடுகிறீர்கள் என்று எழுதவில்லை. பிரின்ஸ் என்றால் கணினிக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை, டைனமைட் வரை எட்டு வில்லாளிகளோடு சமாளித்துவிடலாம். எம்பரரும் அதற்கு மேலும் என்றால் வில்லாளிகளைக் காம்போசிட் வில்லாளியாக உயர்த்தி எல்லை ஊரில் நாலு பேரை எப்போதும் நிறுத்துங்கள், அந்த ஊருக்கு மதில் கட்டுங்கள். அது போருக்காக இல்லை. கணினி உங்கள் படை எண்ணிக்கையைப் பார்த்துத்தான் யாரை அடிக்கலாம் என்று முடிவு செய்கிறது. ஷாகா என்னைத் தேர்ந்தெடுத்ததும் அப்படித்தான், மூன்று வில்லாளிகளை எண்ணிப் பார்த்துவிட்டு.